கல்லில் ஒரு ‘எங்கள்’

டிசம்பர் 9, செவ்வாய்

பேத்தி அபிதா கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். மூன்று நாளாக இதே கதை. காலை பத்து மணிக்கு உள்ளே போகிறாள், மின்விசிறியை நிறுத்துகிறாள், என்னை மிக்சி போடாதே என்கிறாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம். பிறகு பேச்சு.

இன்று கதவில் காது வைத்துக் கேட்டேன். என் வீடு, என் கதவு, எனக்கென்ன வெட்கம்? காதல் பேச்சாக இருந்தால் குரல் குழையும். இது குழையவில்லை. ஊர்க்கூட்டத்தில் பெரிய ஆள் எழுந்து பேசுகிற மாதிரி அதட்டுகிறாள். மேலே வானம் இடிந்து விழவில்லை, கீழே பூமி பிளக்கவில்லை, என் மக்களே, உங்கள் நாட்டை வேறு யாரால் அழித்திருக்க முடியும் என்று. அதையே நாலு தடவை. நடுவில் தானே சலித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து.

சன்னல் இடுக்கில் பார்த்தால் ஆளைக் காணோம். கட்டிலில் கம்பளி ஒரு மூட்டையாக உட்கார்ந்திருக்கிறது. மூட்டைதான் பேசுகிறது.

இருபத்து மூன்று வயதுப் பெண். மகனிடம் சொன்னால் உடனே கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடிக்கவைப்பான். வேண்டாம். நானே கேட்கிறேன்.

டிசம்பர் 10, புதன்

கேட்டேன். சிரிக்கிறாள். வேலையாம். சென்னையில் ஒரு கம்பெனி வரலாற்றுப் படம் எடுத்து யூடியூபில் போடுகிறதாம், அதற்கு இவள் குரல் கொடுக்கிறாளாம். வெளிச்சத்தம் ஏறாமல் இருக்கத்தான் கம்பளி. ஏன் மறைத்தாய் என்றேன். “மறைக்கல அப்பத்தா, நீ கேக்கல.” நான் கேட்காமல் இந்த வீட்டில் இன்னும் என்னென்ன நடக்கிறதோ.

யார் அதட்டுகிறது, யார் அந்த மக்கள் என்று விசாரித்தேன். துருக்கியராம். கம்பத்து ராவுத்தர்மார்களின் பாட்டன் பூட்டனா என்றேன். அவர்களிலும் சில பேர் அப்படிச் சொல்லிக்கொள்வது உண்டு, ஆனால் இது அதற்கெல்லாம் முந்தி, அந்தச் சனம் வானத்தைக் கும்பிட்ட காலம் என்றாள். மங்கோலியாவில் ஓர்கோன் என்று ஓர் ஆறு. அதன் பக்கத்து மேய்ச்சல் வெளியில் ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னால் நட்ட கல். பில்கே என்ற ராஜா தன் சனத்தைப் பார்த்து நேருக்கு நேர் பேசுகிற மாதிரி அதில் வெட்டியிருக்கிறதாம்.

படம் காட்டினாள். எழுத்து முள்முள்ளாக இருக்கிறது. மலையாள மந்திரவாதி தகட்டில் கீறுகிற மாதிரி. வலப்பக்கமிருந்து இடப்பக்கம் படிக்க வேண்டுமாம். எனக்கு அதுவே நல்லதாகப் படவில்லை.

கோட்டை இல்லை, மதில் இல்லை, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு குதிரையில் அலைகிற கூட்டம், அவர்களுக்கு எது நாடு என்று மடக்கினேன். “ராஜா ‘என் மக்களே’ன்னு கூப்பிட்டா யாரெல்லாம் திரும்பிப் பாக்குறாகளோ, அவுகதான் நாடு அப்பத்தா.”

பதில் நன்றாகத்தான் இருக்கிறது. சொந்தமாகச் சொன்னாளா, கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்ததா தெரியவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

விதைத்த கடலையை மயில் மூன்று சால் கிளறிவிட்டுப் போயிருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

கம்பத்திலிருந்து பாண்டீஸ்வரன் வந்தான். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மகன். திராட்சைத் தோட்டம், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம், பெரிய கார். ஒரு பெட்டி திராட்சை, ஒரு பட்டுச்சேலை. அரக்கு நிறம், அகலக் கரை. காலில் வேறு விழுந்தான். ஆறு வருசமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

விஷயம் இதுதான். எங்கள் குலசாமி ஓடைக்கருப்புக்கு இன்னும் தகரக் கொட்டகைதான் இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டுக் காரைக் கட்டடம் எழுப்புவானாம். முகப்பில் கறுப்புக் கிரானைட்டில் கல்வெட்டு. மாசி சிவராத்திரிக்குத் திறப்பு. “பெரியாத்தா, நீங்கதான் மூத்த ஆளு. ஒங்க வாயால சரின்னு வந்தாத்தான் சாமிக்கே சம்மதம்” என்றான். வாயில் தேன் ஒழுகுகிறது.

பிறகு வந்த காரியத்துக்கு வந்தான். கல்லில் பேர் போடத் தலைக்கட்டு நோட்டு வேண்டுமாம். கல்யாணமான ஒவ்வொரு பங்காளியும் ஒரு தலைக்கட்டு. நோட்டில் பேர் இருந்தால்தான் அவன் பங்காளி, சிவராத்திரிக் கிடாயில் அவனுக்கு ஒரு கூறு கறி. அந்த நோட்டு என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் என் கையெழுத்துக்கு இந்த மயிலாடும்பாறையில் இன்றைக்கும் எதிராள் கிடையாது. தபாலாபீசில்கூடக் கேட்கலாம்.

நோட்டைத் தரமாட்டேன், பார்த்து எழுதித் தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கல் எதற்கு? சாமிக்குக் கல்லைப் படிக்கத் தெரியுமா? பேச்சு காற்றோடு போகும், நோட்டைக் கறையான் தின்னும். கல்லில் இருப்பதுதான் நாளைக்குக் கோர்ட்டில் நிற்கும். வருசநாட்டுப் பக்கம் ஒரு கோயிலில் கல்லில் பேர் போட்டவர்கள் இப்போது சாவியையே இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறார்கள்.

டிசம்பர் 16, செவ்வாய்

கதவுக்கு வெளியே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உள்ளே அபிதாவின் குரல். அந்த ராஜா பக்கத்து நாட்டுச் சீனர்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் பேச்சு இனிப்பு, அவர்கள் பட்டு மிருது. இனித்த பேச்சாலும் மிருதுவான பட்டாலும் தூரத்துச் சனத்தைப் பக்கத்தில் இழுப்பார்கள். பக்கத்தில் குடியேறியதும் கெட்ட எண்ணத்தைக் காட்டுவார்கள். அதில் மயங்கி நீங்கள் எத்தனை பேர் செத்தீர்கள், என் மக்களே.

கீரை கையிலேயே நின்றுவிட்டது.

கதவைத் தட்டி, எனக்குக் குத்திக்காட்டுகிறாயா என்று கேட்டேன். நிசமாகவே கல்லில் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுகிறாள். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னால் யாரோ ஒரு குதிரைக்காரனுக்குப் பாண்டீஸ்வரனைத் தெரிந்திருக்கிறது.

அவன் தந்த பட்டுச்சேலையை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

பட்டியல் எழுதி அனுப்பிவிட்டேன். கொடுக்காவிட்டால் நான்தான் கோயிலைத் தடுத்தேன் என்று பேசுவார்கள். நாற்பத்தொரு தலைக்கட்டு. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கல்லில் வரப்போகிற வாசகம் அபிதாவின் போனுக்கு வந்தது. படித்துக் காட்டினாள். காதால் கேட்பதோடு விடமாட்டேன், கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“எங்கள் குலதெய்வமான அருள்மிகு ஓடைக்கருப்பு சுவாமி திருக்கோயில்” என்று ஆரம்பிக்கிறது.

எங்கள்!

அபிதாவுக்குப் புரியவில்லை. நல்லாத்தானே இருக்கு என்கிறாள். எம்.ஏ. படித்து என்ன பிரயோசனம்? அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் “இது எங்க வீடு” என்போம். வீட்டு ஆளிடம் அப்படிச் சொன்னால் அவள் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள். வீட்டு ஆளிடம் “நம்ம வீடு” என்றுதான் சொல்ல வேண்டும். நம்ம என்றால் கேட்கிறவளும் உள்ளே. எங்க என்றால் கேட்கிறவள் வெளியே. நாளைக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று நான் “எங்கள் குலதெய்வம்” என்று படித்தால், கல் என்னைப் பார்த்து என்ன சொல்கிறது? இது எங்களோடது, நீ யார்? என் பேரன் படித்தால் அவனையும் அப்படித்தான் கேட்கும். ஒரு ‘நம்’ போட்டிருந்தால் படிக்கிற எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். வரக்கூடாது என்றுதானே அதைப் போடவில்லை?

ஆள் கெட்டிக்காரன். ஊரில் நூறு பேர் படிப்பார்கள், ஒருவருக்கும் உறைக்காது. எனக்கு உறைக்கும் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

அபிதா போனை வாங்கி மறுபடி படித்தாள். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் அப்பத்தா, அந்தக் கல்லில் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை என்றாள். இப்போதாவது யோசிக்கிறாளே.

டிசம்பர் 22, திங்கள்

பாண்டீஸ்வரனுக்குப் போன் போட்டேன். எங்கள் என்று எதற்குப் போட்டாய், நம் என்று போடு என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான பெரியாத்தா” என்கிறான். பின்னால் யாரோடோ மலையாளத்தில் பேசிக்கொண்டே எனக்குப் பதில் சொல்கிறான்.

ஒன்றா? ஒன்று என்றால் மாற்றிவிட்டுப் போயேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று அபிதா சொன்ன விஷயத்தில் எனக்கு ஒரு வழி கிடைத்தது.

அந்தக் கல்லைச் செதுக்க ஆள் அனுப்பியதே சீனத்துச் சக்கரவர்த்திதானாம். கல்லின் மேற்குப் பக்கத்தில் அவருடைய எழுத்தில் அவருடைய வாசகம். நாம் தகப்பனும் மகனும் மாதிரி, உன் துக்கம் என் துக்கம் என்று ஒரே உருக்கம். மற்ற பக்கங்களில் ராஜாவின் சொந்த எழுத்து. அங்கேதான் இருக்கிறது, பட்டை நம்பாதே, பேச்சை நம்பாதே. ஒரே கல். அந்தப் பக்கம் உறவு, இந்தப் பக்கம் எச்சரிக்கை. செதுக்க வந்தவனுக்கு அந்த முள் எழுத்து தெரிந்திருக்குமா என்றேன். தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறாளாம்.

ஆகா, ராஜா என்றால் இவரல்லவா ராஜா.

பாண்டீஸ்வரனின் கல்லுக்கும் ஒரு முதுகு இருக்கும். வாசகத்தை யோசித்துவிட்டேன்: ‘இக்கோயில் நாற்பத்தொரு தலைக்கட்டுக்கும் பொது. கம்பத்தார் பட்டும் பேச்சும் கொண்டுவந்தார்கள். பின்னால் வருகிறவர்கள் நம்ப வேண்டாம். இப்படிக்கு, கருத்தக்கண்ணன் மனைவி மொக்கம்மாள்.’ இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஜனவரி 2, வெள்ளி

முழங்கால் வலி. பாண்டீஸ்வரன் கல்லுக்குச் சொல்லியிருக்கிற ஆண்டிபட்டிக் கடைக்குப் போவது தள்ளிப்போகிறது.

ஜனவரி 6, செவ்வாய்

ஆண்டிபட்டிக்குப் போனோம், நானும் அபிதாவும். மகனிடம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தேன்.

கல்வெட்டுக் கடை மெயின் ரோட்டில். உளி, சுத்தியல் சத்தமே இல்லை. கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து, ஸ்டிக்கராக வெட்டிக் கல்லில் ஒட்டி, மேலே மணலைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். மணல் பட்ட இடம் பள்ளமாகிவிடுகிறது. அடிக்கிறவர் முதலாளி, எழுத்து கோக்கிறது அவர் மனைவி ஞானபாக்கியம். நான் வாசகத்தைக் கொடுத்துப் பின்பக்கம் போட வேண்டும், கம்பத்துக்காரருக்குத் தெரியக்கூடாது என்றேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பின்பக்கத்தைச் சுவத்துல பூசிருவாகம்மா. யாரு பாக்கப்போறா?” என்றாள். சுவர் ஒரு நாள் இடியும், அன்றைக்குப் பார்ப்பார்கள் என்றேன்.

அப்படியே முன்பக்கத்தில் எங்கள் என்று எழுதச் சொன்னது யார் என்று கேட்டேன்.

“நான்தான்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு தாளை எடுத்துப் போட்டாள். பாண்டீஸ்வரன் கையெழுத்து. கோழி நடந்த மாதிரி இருக்கிறது. ‘நம்ம கொலசாமி ஓடக்கருப்பு கோயிலு. நம்ம பங்காளிக எல்லாரும் சேந்து கட்டுனது.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறான். இந்தக் கொச்சையை எப்படிக் கல்லில் ஏற்றுவது என்று அவளாகத் திருத்தினாளாம். கம்ப்யூட்டரில் மாதிரி வாசகம் ஒன்று இருக்கிறதாம். எல்லாக் கோயிலுக்கும் அதுதான், சாமி பேரை மட்டும் மாற்றுவாளாம்.

தாளைத் திருப்பினேன். பின்னால் என் பட்டியலைப் பார்த்து எழுதிய நாற்பத்தொரு பேர். அதற்கும் கீழே பென்சிலில் ஒரு வரி.

‘மேகமலை வீரணன் சின்னையா — பெரியாத்தா விட்டுட்டாக. மறதியா? கேக்கணும்.’

அபிதா என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, யார் அப்பத்தா வீரணன் என்றாள். பஸ் வந்துவிடும் வா என்றேன். பஸ்சுக்கு இன்னும் அரை மணி இருந்தது.

ஜனவரி 7, புதன்

எழுத ஓடவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மறதி இல்லை.

வீரணன் என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. தேயிலைத் தோட்ட வேலைக்கு மேகமலை ஏறினான். அங்கே கொழுந்து கிள்ளுகிற பொன்னாத்தாளைக் கட்டினான். வேறு சாதி. கட்டிய முதல் வருசம் சிவராத்திரி முடிந்த காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு இறங்கி வந்தான். கையில் ஒரு சேவல். என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இரண்டு எட்டு முன்னால் வைத்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் மட்டும் இருந்தால் சேர்த்திருப்பார்.

நான்தான் குறுக்கே போனேன். அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னேன். “இது எங்க சாமி ஆத்தா. நீ அங்கிட்டு நில்லு.”

அவ்வளவுதான் சொன்னேன். கத்தவில்லை, வையவில்லை. ஆத்தா என்றுகூடச் சொன்னேன்.

வீரணன் சேவலோடு திரும்பிப் போனான். அடுத்த வருசம் கோயில் வரி வாங்க நோட்டைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் அந்தப் பேரிடம் வந்து நின்றார். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் கோடு போட்டேன். அடிகோல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது. இப்போதும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் வீரணன் செத்த செய்தி வந்தது. அன்றைக்கு மழை என்று யாரும் மலையேறவில்லை. மழை தூறல்தான்.

அபிதாவுக்கு நான் அத்தனை வக்கணையாகப் பாடம் நடத்தினேனே, எங்கவுக்கும் நம்மவுக்கும். எங்கே படித்தேன் அதை? பள்ளிக்கூடத்திலா?

பாண்டீஸ்வரன் எதற்கு அவன் பேரை எழுதினான்? மேகமலை ஆட்களையும் சேர்த்துக்கொண்டு எங்கள் பக்கத்தைக் குறைக்கவா? அப்படியும் இருக்கலாம்.

இருக்கலாமா? இத்தனை பக்கம் எழுதி ஒருவனைச் சந்தேகப்பட்டுவிட்டு இன்னும் விட மனம் வரவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை கிழக்கே பொங்கியது.

ஜனவரி 18, ஞாயிறு

அபிதாவிடம் வீரணன் கதையைச் சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தாள். கம்பளியை என் தலைக்கு மேலும் போட்டுவிட்டு, மூச்சு விடாமல் கேளு என்றாள்.

அந்தக் கல்லை ராஜா நட்டதே செத்துப்போன தம்பிக்காகத்தானாம். குல் தெகின் என்று பேர். அண்ணன் அழுகிறார். பார்க்கிற என் கண் பார்க்காததுபோல் ஆயிற்று, அறிகிற என் அறிவு அறியாததுபோல் ஆயிற்று. இன்னொரு இடத்தில், நாடு எப்படிக் கெட்டது என்று சொல்கிறார். தம்பியையும் அண்ணனையும் பகையாக்கிக்கொண்டதால் கெட்டது. குற்றம் பண்ணியது நீங்களே என் மக்களே, உங்களை வாழவைத்த நாட்டுக்கு நீங்களே தீங்கு செய்தீர்கள்.

கம்பளிக்குள் வியர்த்துவிட்டது. இதை ஏன் முன்னாலேயே படிக்கவில்லை, பட்டு விஷயத்தை மட்டும் படித்தாய் என்று கேட்டேன்.

“எல்லாம் ஒரே கல்லுதான் அப்பத்தா. நீ கதவுக்கு வெளிய கேட்டது அம்புட்டுத்தான்.”

ஜனவரி 25, ஞாயிறு

மேகமலை போய் வந்தேன்.

பாண்டீஸ்வரனுக்கு நானே போன் போட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஜீப்போடு வந்தான். சின்னமனூர் தாண்டி மலை ஏறினால் ரோடு குலுக்குகிற குலுக்கில் எலும்பு தனித்தனியாகக் கழன்றுவிடும். வழியில் கேட்டேன், வீரணன் பேரை எழுதினாயே, உனக்கு அதில் என்ன லாபம் என்று. ஏலக்காய் விஷயமாக மலைக்குப் போகும்போதெல்லாம் சின்னையா காப்பி போட்டுக் கொடுப்பாராம். சாமி கும்பிட்டாச்சா, யார் யார் வந்தாக என்று ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு பேராகக் கேட்பாராம். என் பேரையும் கேட்பாராம். வேறொன்றும் இல்லை என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நீங்க என்னையச் சந்தேகப்படாத நாளு ஒண்ணு சொல்லுங்க பெரியாத்தா” என்றான். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய லயன் வீடு. ஒரே வரிசையாகப் பத்துக் கதவு. பொன்னாத்தாள் வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாங்க” என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பின்னால் மருமகள் ஜோதிலட்சுமி முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பட்டுச்சேலையைக் கொண்டுபோயிருந்தேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? நீட்டினேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். “மெத்துன்னு இருக்கு” என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“எதுக்கு வந்தீக? எதுலயும் கையெழுத்து வேணுமா?”

கல்லில் உங்கள் வீட்டுக்காரர் பேரைப் போடப் போகிறோம் என்றேன். இத்தனை வருசம் போடாததை இப்போ எதுக்குப் போடுறீக, வீட்டுல ஏதும் கெட்டது நடந்து கோடாங்கி சொன்னானா என்று கேட்கிறாள். நான் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று என் கண்ணுக்குள் தேடுகிறாள். அவளாக நான் இருந்தால் நானும் அப்படித்தான் தேடுவேன்.

“அன்னைக்கு நான் சொன்ன சொல்லு தப்பு” என்றேன்.

“எந்தச் சொல்லு?”

“எங்க சாமின்னு சொன்னது.”

“அதா” என்றாள். “அதுக்கு மலையேறுற வரைக்கும் அவுகதான் அழுதாக. நான் அழுகல. ஒங்க சாமி யாருன்னே எனக்குத் தெரியாது.”

சிவராத்திரிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். நான் யாரையும் அப்படிக் கேட்டு எனக்கு நினைவில்லை.

“பேரு போடுறது ஒங்க இஷ்டம். வாரதும் வராததும் எங்க இஷ்டம்.”

காப்பி கொடுத்தாள். அதை நான் வெளியிலேயே நின்று குடித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ஞானபாக்கியத்தோடு போனில் பேசினேன். எங்கள் வேண்டாம், ‘நம்’. பேர் நாற்பத்திரண்டு. முதுகில் எழுத ஒன்றுமில்லை, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு என்றேன். “அதை என் வீட்டுக்காரருகிட்டக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்மா” என்கிறாள். சிரித்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பங்காளிகள் கூடினார்கள். எதிர்ப்பு கம்பத்திலிருந்து வரவில்லை, நம் மயிலாடும்பாறை ஆட்களிடமிருந்துதான் வந்தது. மலைக்காரர்களைச் சேர்த்தால் நாளைக்குப் பெண் கொடுக்கல் வாங்கலில் பேச்சு வரும் என்று இரண்டு பேர் குதித்தார்கள். மொக்கம்மா அன்னைக்குப் பேரை அடிச்சது சரிதான் என்று எனக்கே சாட்சி சொல்கிறார்கள்.

அன்றைக்கு அடித்த கை இதுதான், இன்றைக்கு எழுதுகிறதும் இதுதான், நோட்டு என்னிடம் இருக்கிறது என்றேன். நோட்டில் போட்ட கோட்டை அழிக்க முடியவில்லை, தாள் கிழிந்துவிடும். கடைசிப் பேருக்குக் கீழே புதிதாக எழுதினேன். ‘ண’ கொஞ்சம் கோணல்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. கல்லைத் திறந்தாகிவிட்டது. பளபளவென்று முகம் தெரிகிறது. மேகமலையிலிருந்து யாரும் வரவில்லை. பொன்னாத்தாள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் கிடா வெட்டிக் கூறு போட்டார்கள். தேக்கிலை விரித்து வரிசையாக. எத்தனை கூறு என்று என்னிடம் கேட்டார்கள். நாற்பத்தொன்று போதும், வராத ஆளுக்கு எதற்கு என்று நான்தான் சொன்னேன். பாண்டீஸ்வரன் என்னைப் பார்த்தான். ஒன்பது மணிக்குள் எல்லாரும் அவரவர் கூற்றை எடுத்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள்.

பத்து மணி பஸ்சில் இறங்கி வருகிறாள் பொன்னாத்தாள். கூட ஜோதிலட்சுமி. கையில் பூசைச் சாமான் எதுவும் இல்லை. நேராகக் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் பக்கத்தில் போய், இந்தா இதுதான் பேரு என்று விரலை வைக்கப் போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். “நீங்க சொல்லாதீக. எம் மருமக படிக்கட்டும்.”

ஜோதிலட்சுமி மேலேயிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். “நம் குலதெய்வமான” என்று அவள் ஆரம்பித்தபோது நானும் எழுத்தை எட்டிப் பார்த்தேன். ஏதாவது எழுத்து மாறியிருக்குமோ, ஞானபாக்கியம் மறுபடி திருத்தியிருப்பாளோ என்று, நேற்று பத்துத் தடவை படித்த கல்லையே மறுபடி சந்தேகப்பட்டேன். நாற்பத்தொரு பேரையும் நிதானமாகப் படித்தாள். ஒன்றையும் தாண்டவில்லை. கடைசியில் மாமனார் பேர். பொன்னாத்தாள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அந்தப் பேரை மட்டும்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

“எங்க கூறு எங்க?” என்றாள்.

அந்த முதல் ‘எங்க’வில் என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

எடுத்துவைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மகன் எங்கள் வீட்டுக் கூற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். அதை வாங்கி அப்படியே அவளிடம் நீட்டினேன். திறந்து கிளறிப் பார்த்தாள்.

“ஈரல் வைக்கலயா?”

ஈரலை மகன் தனியாக ஒரு பொட்டலத்தில் வைத்திருந்தான். அதையும் வாங்கிக் கொடுத்தேன். சட்டியைத் திருப்பித் தர வேண்டுமே என்றாள் ஜோதிலட்சுமி. அடுத்த தடவை வரும்போது கொண்டுவா என்றேன். பொன்னாத்தாள் மூடியை இறுக்கிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தாள்.

இன்று எங்கள் வீட்டில் பருப்புக் குழம்பு. மகன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.